எனக்கு எடுத்த கோடிச் சேலை

என் கழுத்தில், தொண்டைக் குழிக்கு ஒரு விரல் மேலே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு தழும்பு ஓடுகிறது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்களுக்கு முதலில் கண் போவது அதில்தான். "என்னக்கா, யாரும் வெட்டிப்புட்டாங்களா?" என்பார்கள். "ஆமா, வெட்டிப்புட்டாங்க, அதுவும் கையெழுத்து வாங்கிக்கிட்டு வெட்டுனாங்க" என்று நான் ஆரம்பித்தால் அப்புறம் என்னால் நிறுத்த முடியாது. அளவு நாடா கையிலேயே தொங்கும், மெஷினில் போட்ட துணி அப்படியே கிடக்கும், சாயங்காலம் தருகிறேன் என்று சொன்ன சட்டை அடுத்த வாரத்துக்குப் போகும். அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும், நான் தைத்துக்கொள்கிறேன்.

நான் பாக்கியம். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். கல்யாணம் கட்டிப் பதுளைக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சுப்பையா ரயில் ஸ்டேஷனில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. கொழும்பிலிருந்து வருகிற பாதை எங்கள் ஊரோடு முடிந்துவிடுகிறது, அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. அந்தப் பாதை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு, ஜன்னலோரம் என் தையல் மெஷின்.

எனக்கு டவுன் பிடிக்கும், அதை ஒளிக்காமலே சொல்கிறேன். தோட்டத்தில் நேரம் என்பது துரையுடையது. தப்பு மேளம் அடித்தால் எழும்ப வேண்டும், பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓட வேண்டும், கொம்பு ஊதினால் கொழுந்தை நிறுக்க வேண்டும். டவுனுக்கு வந்த முதல் வருஷமே நான் மெஷின் மேலே ஒரு டைம்பீஸ் வாங்கி வைத்தேன். என் வீடு, என் மணி! ரயில் கூவினால் சோற்றை இறக்குவேன், கோர்ட்டு மணி அடித்தால் காஜா எடுக்க உட்காருவேன், கடைசி பஸ் போனால் ஊசியைக் கழற்றுவேன். வயதை எண்ணக் கற்றுக்கொண்டதும் டவுனில்தான். தோட்டத்தில் எங்கள் அம்மாவிடம் வயது கேட்டால், "பெரிய மழை பேஞ்சு லயம் சரிஞ்ச வருசம் பொறந்தேன்" என்பாள். எந்த மழை, எந்த லயம், யாருக்குத் தெரியும்? நான் அப்படி இல்லை. இந்தக் கதை நடந்தபோது எனக்கு முப்பத்தொன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் எனக்கு ஒரு வேகம் வந்தது. எப்பேர்ப்பட்ட வேகம்! இரண்டு பேர் தைக்கிறதை ஒருத்தியாகத் தைத்தேன். சமைத்துக்கொண்டே துவைப்பேன், துவைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைப்பேன். மூன்று பேர் சோற்றைத் தின்றேன், ஆனால் வளையல் முழங்கை வரை ஏறியது, அவ்வளவு மெலிவு. பதுளைக் குளிரில் ஊரே கம்பளி போர்த்திக்கொண்டு நடக்க, எனக்கு வேர்த்து ஊற்றியது. "நீ என்னா புள்ள, எஞ்சின் எதையும் முழுங்கிட்டியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்த மனுஷன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற ஆள். அவரே கேட்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெருமைதான். டவுன்காரி ஆகிவிட்டோம், டவுன் வேகம் நம் உடம்பில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது. ஊசிக் காதில் நூல் நுழைய மாட்டேன் என்றது. நெஞ்சு தடதடவென்று அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. அண்ணன் மகள் சடங்குக்குத் தோட்டத்துக்குப் போனபோது என் அட்டியலைப் போட்டேன், கொக்கி மாட்டவே இல்லை. உடம்பெல்லாம் வற்றிக் கிடக்கிறது, கழுத்து மட்டும் பெருத்திருக்கிறது! அண்ணன் மாரிமுத்துவின் மனைவி, என் மதினி, அதைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னாள்: "டவுன் சோறு நாத்தனாருக்குக் கழுத்தோட நின்னுருச்சு, வயித்துக்கு எறங்கல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கழுத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மாவின் கழுத்து அது. அவளுக்கும் கை நடுங்கியது, அவளும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு லயத்துக்கும் மலைக்குமாக ஓடினாள். பேய் ஓட்டுகிறது என்று கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கை அடித்தார்கள். ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு உட்கார்ந்தவள் எழும்பவில்லை. நான் அப்போது சின்னப் பெண். அவளுக்கு என்ன வயது இருக்கும் என்று பெரியவளானபின் அண்ணனைக் கேட்டேன். "ஒன்னய மாதிரிதான் இருக்கும்" என்றான். அந்தப் பதில் அட்டியல் மாட்டாத அன்று என் தொண்டையில் வந்து நின்றது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஜாரில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தேன். கண்ணைத் திறந்தபோது பெரியாஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சு என்பது ஒரு தனி உலகம். டவுனில் எல்லாரும் "மணி என்ன, மணி என்ன" என்று பறக்கிறார்கள் அல்லவா, அந்தப் பெஞ்சில் ஒருவரும் மணி கேட்பதில்லை. உள்ளே போகப் பயம், வெளியே போகவும் பயம். எனக்கோ கால் நிற்கவில்லை, வரிசையில் முன்னால் இருந்த எல்லாருக்கும் என்ன வியாதி என்று விசாரித்து முடித்துவிட்டேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், எச்சில் முழுங்கச் சொன்னார், கையை நீட்டச் சொல்லி விரல் மேலே ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது.

"எவ்வளவு காலமா இந்த ஓட்டம்?" என்றார்.

"டவுன்ல இருக்கோமுங்க டாக்டரய்யா, ஓடாம முடியுமா?"

"டவுனிலை இருக்கிற எல்லாரும் உம்மை மாதிரி ஓடினால் பதுளை இண்டைக்கு மட்டக்களப்பிலைதான் நிக்கும்." சிரிக்காமல் சொன்னார். "கழுத்திலை தைரொயிட் எண்டு ஒரு சுரப்பி இருக்குது. உடம்பு எவ்வளவு வேகமா வேலை செய்யவேணும் எண்டு சொல்லுறது அதுதான். உமக்கு அது வீங்கி, கட்டுக்கடங்காமல் சுரக்குது. அதாலை இதயம் ஓடுது, கை நடுங்குது, திண்டதெல்லாம் எரிஞ்சு போகுது. இப்பிடியே விட்டால் இதயம் களைச்சு ஒரு நாள் நிண்டுபோம்."

எனக்குச் செத்துப்போவோம் என்ற பயத்தை விட முதலில் வந்தது கோபம். இத்தனை மாதமாக நான் பெருமைப்பட்ட வேகம் என்னுடையது இல்லையாம், ஒரு கட்டியுடையதாம்! பிறகு அம்மா ஞாபகம் வந்தது. உடுக்கை அடித்து ஓட்டப் பார்த்தது பேயே இல்லை. ஒரு துண்டுச் சதை. பெஞ்சுக்குத் திரும்பி வந்து என் வீட்டுக்காரர் தோளில் முகத்தை வைத்து, பஜாரே கேட்கிற மாதிரி அழுதேன். எனக்காகப் பாதி, அவளுக்காகப் பாதி.

உடனே அறுக்க முடியாது என்றார்கள். முதலில் மாத்திரை கொடுத்து ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். அதுவரைக்கும் வார்டில் படுக்கை. எழும்பக் கூடாது, வேலை செய்யக் கூடாது, கோபப்படக் கூடாது, அதிகம் பேசக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார், நான் பார்த்தேன்.

நான் தூங்கும்போது கூட மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், வந்து நாடி பிடிப்பாள். விழித்திருக்கிறபோது நாடி பயத்தால் ஓடும், தூக்கத்திலும் ஓடினால்தான் அது வியாதியாம். அப்புறம் பாலில் அயடின் சொட்டு விட்டுக் கொடுத்தார்கள். தகரத்தைக் கரைத்துக் குடித்த மாதிரி இருக்கும். அது கட்டிக்குள் ஓடுகிற இரத்தத்தை அடக்குமாம், அறுக்கும்போது பெருகாதாம்.

பக்கத்துக் கட்டிலில் வெலிமடையிலிருந்து வந்த மெனிக்கே அக்கா. லீக்ஸ் காய்கறித் தோட்டத்தில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பாதி, எனக்குச் சிங்களம் பாதி, இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுப் பாஷை வந்தது. எனக்குத் தலை வாரிவிடுவாள். நான் அழுதால், "பயம் எப்பா நங்கி, பயம் எப்பா" என்பாள். எப்பா என்றால் வேண்டாம், நங்கி என்றால் தங்கச்சி. அவள் வீட்டிலிருந்து அவித்த உருளைக்கிழங்கு வந்தால் எனக்குப் பெரிய கிழங்கு.

படுத்துக் கிடந்தால் என்ன செய்வது? யோசிக்க வேண்டியதுதான். அந்த வார்டில்தான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நான் சும்மா இருந்தேன். சுவரில் ஒரு பெரிய கடிகாரம். அதன் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். டவுனில் நான் ஓட ஓட நேரம் எனக்கு முன்னால் ஓடியது, எத்தனை சட்டை தைத்தாலும் போதவில்லை. இங்கே நான் படுத்தால் அதுவும் படுத்துக்கொண்டது. சாகிறவளுக்கு நேரம் குறைவு என்பார்களே, அப்புறம் ஏன் இந்தப் பகல் இவ்வளவு நீளம்? இப்படியெல்லாம் யோசித்து முடித்தவுடன், கோர்ட்டில் எழுத்து வேலை பார்க்கிற கிளாக்கரின் மனைவி தைக்கக் கொடுத்த ரவிக்கைக்குக் கை வைக்காமல் வந்துவிட்டோமே என்ற கவலை வரும். உண்மையைச் சொன்னால் சாவை விட அந்தக் கையில்லாத ரவிக்கைதான் என்னை அதிகம் படுத்தியது.

ஒரு நாள் காலையில் எதிர்க் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை உரித்து, மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வார்டில் மெத்தை சுருட்டினால் இரண்டில் ஒன்று: ஆள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் போயே போயிருக்க வேண்டும். எது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மெனிக்கே அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

தீபாவளி கழிந்து டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். "இப்ப நாடி நல்லா இறங்கியிருக்குது. அறுக்கலாம். ஆனா ரெண்டு விசயம் சொல்லவேணும். ஒண்டு, இது பெரிய ஒப்பரேஷன். மற்றது, அந்தச் சுரப்பிக்குப் பின்னாலை குரலுக்குப் போற நரம்பு ஓடுது, நூல் மாதிரி. நாங்கள் கவனமாத்தான் செய்வம். எண்டாலும் சிலபேருக்குக் குரல் போறதும் உண்டு."

முதல் விஷயத்துக்கு நான் தயாராக இருந்தேன். இரண்டாவது என்னை அடித்துப் போட்டது. குரல் இல்லாத பாக்கியமா? வாய் இல்லாமல் நான் எப்படி விலை பேசுவேன், எப்படிச் சண்டை போடுவேன், எப்படிச் சாமி கும்பிடுவேன்? அன்று சாயங்காலம் ரயில் வந்து போனதும் வழக்கம் போலப் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன், "வேணாங்க, கட்டியோடயே இருந்துட்டுப் போறேன்" என்று.

அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்தார். பிறகு, "ஒனக்குக் குரல் போனா நா பேசுறேன்" என்றார்.

"நீங்களா?"

"பழகிக்கிறேன்."

கையெழுத்துப் போட்டேன்.

ஒப்பரேஷன் நாள் விடிந்ததும் மிஸ்ஸி வந்து தோடு, மூக்குத்தி எல்லாம் வாங்கினாள். தாலியையும் கழற்று என்றாள். நான் மாட்டேன் என்றேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றுகிறதா? வார்டே கூடிவிட்டது. கடைசியில் டாக்டரே வந்தார். "கத்தி போற இடத்திலைதானே தாலியும் கிடக்குது. அதை எடுக்கிறதோ, கட்டியை விடுறதோ? நீரே சொல்லும்."

"கட்டுன கையே கழட்டட்டும்" என்றேன் நான்.

வெளியே நின்ற வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் விரல் என் கழுத்துக்குப் பின்னால் முடிச்சைத் தேடித் தடவியது. தாலியைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வராந்தாவுக்குப் போனார். அப்புறம் தள்ளுவண்டி, வெளிச்சம், மூக்கில் ஒரு புளித்த வாடை. அவ்வளவுதான்.

கண் விழித்தபோது வேறு ஒரு சின்ன அறையில் இருந்தேன். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. டாக்டர் குனிந்து, "உம்மடை பேரைச் சொல்லும்" என்றார். வாயைத் திறந்தேன். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தேன், மறுபடியும் காற்று.

"வீக்கமா இருக்கலாம். பொறுத்துப் பாப்பம்" என்றார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகம் பொறுத்துப் பார்க்கிற முகம் இல்லை.

அடுத்த நாள் காலையிலும் அதே காற்று. நெஞ்சைக் கவனித்தேன், மெதுவாக அடித்தது. கை நடுங்கவில்லை. பிழைத்துவிட்டோம், ஆனால் ஊமையாகிவிட்டோம் என்று கண்ணீர் காதுக்குள் ஓடியது. என் வீட்டுக்காரர் முகம் கழுவி ஸ்டேஷனில் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போயிருந்தார். பாவம், சொன்ன சொல் தவறாமல் காலையிலிருந்து அவர் ஒருவரே பேசிக்கொண்டிருந்தார்!

இனி நடந்ததை நான் பிறகுதான் கேட்டறிந்தேன், என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பரேஷன் நடந்துகொண்டிருந்த நேரத்தில் எங்கள் லயத்து வேலுச்சாமி மாமா பதுளைக்குச் சாமான் வாங்க வந்தவர், என்னையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வார்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். என் கட்டில் காலி. விரிப்பு இல்லை, மெத்தை சுருட்டிக் கிடக்கிறது. வராந்தாவில் என் புருஷன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், தலை தொங்கியிருக்கிறது, உள்ளங்கையில் என் தாலி. எங்கள் ஆட்களில் ஒரு மனைவியின் தாலி புருஷன் கைக்கு எப்போது வரும்? கொள்ளி வைக்கிறதுக்கு முன்னால்தான் வரும். மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நிலையில் இருக்கிற மனுஷனிடம் யார் போய்க் கேட்பார்கள்? கேதம், அதாவது சாவுச் சேதி, சொல்லப் போகிறவன் வழியில் நிற்கவும் கூடாது, தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் கூடாது என்பார்கள். அவர் வாங்க வந்த சாமானைக் கூட வாங்காமல் பஸ் ஏறிவிட்டார். அன்று சாயங்காலமே தோட்டத்தில் சாவுத் தப்பு அடித்துவிட்டார்கள், எனக்கு!

மறுநாள் நான் மணல் மூட்டைகளுக்கு நடுவே கிடக்கிறேன். வெளியே தோட்டத்து லொறி வந்து நிற்கிற சத்தம். தூரத்தில் யாரோ ஒரு ஆண் பிள்ளை, "என் தங்கச்சிய எங்கடா வச்சிருக்கீங்க? பொண அறையில இல்லேங்கிறான், எங்கதான்டா வச்சிருக்கீங்க?" என்று அட்டெண்டனோடு மல்லுக்கட்டுகிறான். அண்ணன் குரல் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். பாவம், யாருக்கோ தங்கச்சி செத்துவிட்டாள் போல என்றும் நினைத்தேன். அடுத்த நிமிஷம் என் ஜன்னலுக்கு வெளியே, வராந்தாவில், ஒரு பொம்பளை சடாரென்று உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்:

"ஊசி புடிச்ச கையி – நாத்தனாரே
ஓஞ்சு கெடக்குதோ!
பாசிமணிக் கழுத்த – நாத்தனாரே
பாவி அறுத்தானோ!"

மதினி! என் மதினி! எனக்குத்தான் ஒப்பாரி! தலையைத் திருப்பக் கூட முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பயமா, சிரிப்பா, என்ன என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. உயிரோடு இருக்கும்போது என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், என் கையைப் பாடினாள், என் நடையைப் பாடினாள், ரயிலடியில் நான் கட்டி வைத்த குடித்தனத்தைப் பாடினாள். இன்னும் இரண்டு பாட்டுப் பாடட்டும் என்று விட்டிருப்பேன். அவள்தான் கெடுத்துக்கொண்டாள்:

"நாப்பது வயசுலயே – நாத்தனாரே
நாளு முடிஞ்சதென்ன!"

நாற்பதா? எனக்கா? அம்மா செத்தபோதும் இப்படித்தான் யாரோ ஒரு வயதைப் பாட்டில் போட்டுப் பாடியிருப்பார்கள். அது சரியில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை, அவளுக்கே அது தெரியவும் தெரியாது. மழை பெய்த வருஷம் பிறந்து ஏதோ ஒரு வயதில் போனாள். நான் அப்படிப் போக மாட்டேன். டைம்பீஸ் வைத்து, நாள் பார்த்து, ஒவ்வொரு வருஷமாக எண்ணி வந்திருக்கிறேன். ஒன்பது வருஷத்தை ஒரு பாட்டில் வாரிக் கொடுத்துவிடுவாளா?

"யாருக்கு மதினி நாப்பது?" என்று கத்தினேன். "முப்பத்தொண்ணு! முப்பத்தொண்ணு!"

காக்கை கரைகிற மாதிரி ஒரு குரல். என்னுடையதுதான்.

வெளியே ஒப்பாரி பட்டென்று நின்றது. "ஆத்தாடி!" என்று ஒரு அலறல், யாரோ ஓடுகிற சத்தம், தட்டு விழுகிற சத்தம். கதவில் அண்ணன் நின்றான். தலையில் துண்டு, தோளில் ஒரு துணிப் பொட்டலம். முகம் செத்தவன் முகம். "பாக்கியம்?" என்றான். "பாக்கியந்தானா?"

"பின்ன யாரு? கிட்ட வாண்ணே, பேயின்னா காலு இருக்காதுல்ல, தொட்டுப் பாரு."

அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மதினி வந்து எட்டிப் பார்த்து அழுதாள், சிரித்தாள், வேலுச்சாமி மாமாவின் பரம்பரையையே திட்டினாள். பக்கத்து வார்டிலிருந்து மெனிக்கே அக்கா, "நங்கி கத்தறா! நங்கி கத்தறா!" என்று கூவுவது கேட்டது. டாக்டர் கிட்டத்தட்ட ஓடி வந்தார். பாவி அறுத்தானோ என்று பாடிய மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன சொன்னனீர்? இன்னொருக்காச் சொல்லும்" என்றார் டாக்டர்.

"முப்பத்தொண்ணுங்க."

"வடிவாக் கேக்குது" என்றார். அந்த வெள்ளை மீசைக்குக் கீழே அன்றுதான் நான் பல்லைப் பார்த்தேன்.

எல்லாம் அடங்கின பிறகு அண்ணன் அந்தப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளுவதைக் கவனித்தேன். "அது என்னாண்ணே?" என்றேன். மதினி மெல்ல, "ஒங்கண்ணன் எடுத்த கோடி" என்றாள். கட்டிக் கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்து போர்த்துகிற புதுச் சேலை. கூடப் பிறந்தவன் கடமை அது.

"இத வீட்டுல வைக்கக் கூடாது. ஓயா ஆத்துல விட்டுட்டுப் போயிர்றேன்" என்று அண்ணன் எழுந்தான்.

"காட்டு முதல்ல."

பிரித்தான். கடவுளே, என்ன கலர் அது! பீட்ரூட்டை அவித்துப் பிழிந்த மாதிரி ஒரு சிவப்பு, அதற்குப் பச்சைக் கரை. "எனக்கு இந்தக் கலரா எடுத்த?" என்றேன்.

அண்ணன் சேலைக் கரையைத் தடவினான். "விடியக் காலம் கடையத் தட்டி எழுப்பி எடுத்தேன். எதுன்னு பாக்கல. லொறியில வர்றப்ப வழியெல்லாம் அதத்தான் நெனச்சேன். உசுரோட இருக்கறப்ப இவளுக்கு நா ஒரு சேல எடுத்துக் குடுக்கலியேன்னு."

எனக்குத் தையல் போட்ட கழுத்து வலித்தது, அழவும் முடியவில்லை. அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவன் அவன். "குடுண்ணே" என்றேன். "இப்ப எடுத்துட்டயில்ல. செத்த பெறகு போத்துனா கலரு நல்லா இல்லேன்னு நா எப்படிச் சொல்லுவேன்? நாங் கட்டிக்கிறேன்."

மதினி குதித்தாள். கோடிச் சேலையை உயிரோடு இருக்கிறவள் கட்டினால் எமன் வாசலிலேயே நிற்பான் என்றாள். "நிக்கட்டும் மதினி, அவன்தான் ஏற்கெனவே வந்து பாத்துட்டு, வயசு தப்பா இருக்குன்னு திரும்பிப் போயிட்டானே" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வரும் நாளில் அந்தப் பீட்ரூட் சேலையைத்தான் கட்டினேன். மெனிக்கே அக்கா கொசுவத்தை நீவிவிட்டாள். காயம் ஆறவில்லை என்று தாலியை மணிக்கட்டில் கட்டச் சொன்னார்கள், வார்டு முழுக்கப் பார்க்க என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே மூன்று முடிச்சுப் போட்டார், மிஸ்ஸிமார் கை தட்டினார்கள். கிளாக்கர் மனைவியின் ரவிக்கைக்குக் கை வைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா தழும்பை மறைக்க எனக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொள்ளச் சொன்னார். நான் அகலக் கழுத்தாகவே தைத்துக்கொண்டேன்.

தேர்த் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போனபோதும் அதே சேலை. லயத்து வாசலில் என்னைக் கண்ட வேலுச்சாமி மாமா வெற்றிலைப் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனவர், நாங்கள் திரும்பும் வரைக்கும் வெளியே வரவில்லை.

இப்போது நான் மெதுவாகத்தான் தைக்கிறேன். முன்பு ஒரு நாளில் தைத்ததற்கு இரண்டு நாள் பிடிக்கிறது. அந்த வேகம் சில வேளை ஞாபகத்துக்கு வந்து ஏங்க வைக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் டைம்பீஸைப் பார்த்தால், அது என்னை முந்தி ஓடுகிறதே என்ற கோபம் இப்போது வருவதில்லை. அம்மாவின் வயதை எப்போதோ தாண்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். எது என்று தெரியாததால், ஒவ்வொரு வருஷமும் தாண்டியதாகவே வைத்துக்கொண்டு ஒரு தேங்காய் உடைக்கிறேன்.

அந்தச் சேலையை நல்ல நாளுக்கும் கட்டினேன், கெட்ட நாளுக்கும் கட்டினேன், மழையில் விறகு பொறுக்கவும் கட்டினேன். தீபாவளிக்குத் தீபாவளி அண்ணன் வந்தால் முதல் கேள்வி, "கிழிஞ்சிருச்சா?" என்பதுதான். "இன்னும் இல்லண்ணே" என்பேன். அவன் முகம் மலரும்.

போன வாரம் துவைத்து உதறியபோது அது நடுவில் இரண்டாகப் போய்விட்டது. இரண்டு பாதியையும் மடித்து வைத்தேன். பிறகு நமுனுகுல பஸ் கண்டக்டரிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்: கோடி கிழிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு வா, கடைக்குப் போவோம், இந்தத் தடவை கலர் நான் பார்க்கிறேன் என்று.